பாயாக வந்த பிள்ளைகள்

பக்கத்து மேசையைப் பார்க்கக் கூடாது என்று மா மிரான் டீச்சர் தினமும் வீட்டிலேயே தீர்மானம் பண்ணிக்கொண்டுதான் கிளம்புவாள். ஆசிரியர் அறைக் கதவைத் திறந்ததும் கண் நேரே அங்கேதான் போய் நிற்கும். தோ ஜேவான் சாரின் மேசைத் தடுப்பு முழுக்க மஞ்சளும் ரோஸுமாகத் துண்டுச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். ஆசிரியர்களுக்குப் பிள்ளைகள் ஒரு டப்பாக் காப்பிகூடக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் வந்த பிறகு, பிரியத்தைக் காட்ட அவர்களுக்கு மிஞ்சியது இந்தச் சீட்டு ஒன்றுதான். ‘சார், நேத்து பாடம் கேட்டு அழுதுட்டேன்.’ ‘சார், சாவைப் பத்தி நீங்க சொன்னதை அம்மாகிட்ட சொன்னேன், அவங்களும் அழுதாங்க.’ ‘சார், அடுத்த வருஷமும் எங்களுக்கு நீங்கதான் வரணும்.’

மிரானின் தடுப்பிலும் ஒரு சீட்டு இருந்தது. நகல் இயந்திரத்தில் தாள் சிக்கிக்கொண்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அலுவலகத்தில் ஒட்டிவிட்டுப் போன சீட்டு அது.

மிரான் கெட்டவள் இல்லை. விடியுமுன் எழுந்து சபைக்குப் போய் ஜெபம் பண்ணிவிட்டு, அங்கிருந்தே பள்ளிக்கூட மேடு ஏறுகிறவள். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் கஞ்சி காய்ச்சிக்கொண்டு முதலில் போய் நிற்பவள். ஆனால் சின்ன வயசிலிருந்தே அவளுக்கு ஒரு குணம். அக்காவுக்குப் புதுச் சட்டை எடுத்துவிட்டு, அது சிறுத்த பிறகு இவளுக்குக் கொடுப்பார்கள். எனக்கும் வேண்டும் என்று கேட்டு அழுகிற பிள்ளை இல்லை அவள். கிடைத்தவளையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை. ஐம்பதைத் தாண்டியும் அந்தப் பார்வை அவளை விட்டுப் போகவில்லை.

அவளுக்கும் ஒரு காலம் இருந்தது. இதே தொங்யோங் ஊரில், துறைமுகத்துக்கு மேலே இருக்கிற இதே பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பொருளாதாரம் நடத்த அவள் வந்து சேர்ந்தபோது, நாடே கடனில் மூழ்கிக் கிடந்தது. வங்கிகள் மூடின. பெண்கள் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொண்டுபோய் நாட்டுக் கடனுக்குக் கொடுத்தார்கள். பட்டப்பகலில் அப்பா ஏன் வீட்டில் படுத்திருக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. மிரான் வகுப்பில் உட்கார இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டு கேட்டார்கள். அவளும் நன்றாகத்தான் நடத்துவாள். மனிதன் எதற்கு அசைவான் என்பதுதான் அவள் பாடத்தின் முதல் கேள்வி. ஒரு மழைக்காலத்தில் வகுப்பு வாசலில் ஒரு கட்டுக் குடைகளை வைத்து, எடுத்துப் போய்த் திருப்பிக் கொடுங்கள் என்றாள். ஒன்றும் திரும்பவில்லை. அடுத்த முறை, சட்டையில் குத்தியிருக்கிற பெயர்ப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுக் குடையை எடுக்கச் சொன்னாள். பட்டை இல்லாமல் காலையில் வாசலைத் தாண்ட முடியாது, கண்டிப்பு மாஸ்டர் நிறுத்திவிடுவார். விடிந்ததும் எல்லாக் குடையும் வந்து நின்றது. “குடை அதேதான். நீங்களும் அதே ஆளுங்கதான். அப்ப எது மாறுச்சு?” என்று கேட்பாள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு வாழ்நாளுக்கும் மறக்காது.

இப்போது அந்தப் பாடமே அவளைத் தின்ன வந்தது.

இங்கே ஒரு பிள்ளை எத்தனை மார்க் வாங்கினாள் என்பது பெரிதில்லை. கூடப் படிப்பவர்களில் எத்தனை பேரை முந்தினாள் என்பதுதான் கணக்கு. ஒன்பது தரம் உண்டு, நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் முதல் தரம். அரையைத் தாண்டினால் ஒன்றாக எடுப்பார்கள், அதனால் பதிமூன்று பேராவது இல்லாத வகுப்பில் யார் எப்படி எழுதினாலும் முதல் தரமே கிடையாது. பொருளாதாரத்துக்குக் கெட்டிக்காரிகள் மட்டும் வருவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. கெட்டிக்காரிகளோடு போய் யார் முட்டிக்கொள்வார்கள்? சுமாரான பிள்ளைகள் எல்லாம் ஜேவான் சாரின் வாழ்க்கை நெறிப் பாடத்துக்குப் போனார்கள். சுமாரானவர்கள் அங்கே நிறைய இருக்கிறார்கள், அவர்களை முந்துவது சுலபம் என்று பாதிக் கெட்டிக்காரிகளும் அங்கேயே போனார்கள். மிரானுக்கு வந்தது எஞ்சியவர்கள்.

முதல் ஆண்டில் எல்லோருக்கும் பொதுவான சமூகப் பாடத்தை மிரானும் ஜேவான் சாரும் பங்கு போட்டு நடத்துவார்கள், இரண்டாம் ஆண்டில்தான் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது. அந்த அக்டோபரில், அடுத்த ஆண்டுக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டு முடித்ததும், அட்டவணை போடுகிற ஆசிரியர் மிரானின் மேசைக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

“ஒம்பது பேருதான், டீச்சர்.”

“ஒம்பதா?”

“பதிமூணு இல்லேன்னா திறக்க முடியாது. பேரை மாத்திக்க இன்னும் மூணு வாரம் இருக்கு. பாப்போம். இல்லேன்னா நீங்க வாரத்துல பாதி நாள் தீவுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருக்கும். அங்க ஆள் இல்லையாம்.”

மிரானுக்குப் படகில் ஏறினாலே குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். துறைமுகத்தில் பிறந்தவளுக்குக் கடல் ஆகாது என்று ஊரே கேலி பேசும். ஆனால் அப்போது அவள் நினைத்தது படகை இல்லை.

“அப்ப என்னோட வகுப்பறை?”

“அதுவா... தோ சாருக்குப் பசங்க ரொம்ப ஆயிட்டாங்க. இன்னொரு பிரிவு போடணும். அதை அவருக்குக் குடுத்துரலாம்னு...”

பக்கத்து மேசையில் ஜேவான் சார் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வயதாகாத மனிதர். மெல்லிய குரல், முழங்கை தேய்ந்த ஸ்வெட்டர். “ஐயையோ, டீச்சரோட அறை எனக்கெதுக்கு? நான் நூலகத்துலயே நடத்திக்கிறேன்” என்றார். அவர் மனசார சொன்னதுதான் மிரானுக்கு இன்னும் எரிந்தது.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அவள் அந்தப் பேச்சை எடுத்தாள். படகு எஞ்சின் பழுது பார்க்கிற அவள் கணவர் தெக்சூ, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டார்.

“அந்த ஆளைப் பத்திப் பேசாம உனக்கு சோறே இறங்காதா?”

“நான் எங்கங்க பேசுனேன்?”

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல என் பேரை நீ இத்தனை தரம் சொல்லியிருக்க மாட்ட. தோ சார் இப்படி இருமினாரு, தோ சார் அப்படி சிரிச்சாருன்னு... எனக்கே அவர் மேல பொறாமையா இருக்கு.”

“போங்க நீங்க வேற.”

விடியற்காலை ஜெபத்தில் அவள் வெகுநேரம் முழங்காலில் இருந்தாள். ஜேவான் சாரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுவாரும் என்று கேட்க நா கூசியது. ‘கர்த்தரே, அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடும்’ என்று வேண்டிக்கொண்டாள். யாருக்கு எது உரியது என்று தன் மனதுக்குள் பங்கு போட்டு வைத்திருந்ததைக் கர்த்தர் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்.

அன்று பள்ளி விட்டதும், பெயர் கொடுத்த ஒன்பது பேரையும் தன் வகுப்பறைக்கு வரச் சொன்னாள். ஒன்பதும் பொறுக்கி எடுத்த பிள்ளைகள். அதிலும் பின் யேரின் என்கிற பெண் மிரானின் கண்ணுக்குக் கண். டீச்சர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவள் முடிப்பாள்.

“திறக்க மாட்டாங்களா, டீச்சர்?” என்று யேரின் கேட்டாள்.

“இப்படியே இருந்தா திறக்காது. நான் உங்களுக்கு முதல் பாடத்துல என்ன சொன்னேன்? மனுஷன் எதுக்கு அசைவான்?”

“லாபத்துக்கும் பயத்துக்கும்” என்று நான்கு பேர் சேர்ந்து சொன்னார்கள்.

“அப்ப யோசிங்க. இன்னும் நாலு பேர் வந்தா உங்கள்ல ஒருத்திக்கு முதல் தரம். நாப்பது பேர் வந்தா ரெண்டு பேருக்கு. ஆள் கூட்டிக்கிட்டு வர்றது யாருக்கு லாபம்?”

சொல்லிவிட்டு அவள் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. யேரினின் கண் மின்னியதை அவள் பார்த்துவிட்டாள். எப்படிப்பட்ட ஆளைக் கூட்டி வருவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. தங்களை முந்தக்கூடியவளை யாராவது கூட்டி வருவார்களா? ஆனால் அவள் வாயால் அதைச் சொல்லவில்லை. சொல்லாதவரை தனக்குத் தெரியாது என்று இருந்துவிடலாம் என்று நினைத்தாள்.

மறுநாளிலிருந்தே ஆள் ஏறத் தொடங்கியது. பதினொன்று. பதினாலு. அட்டவணை ஆசிரியர் ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்து சொல்வார். இரண்டாம் வாரம் முடியும்போது இருபத்தொரு பேர். வாழ்க்கை நெறியில் அதே அளவுக்குக் குறைந்திருந்தது. மிரானுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. தேநீர் போடும்போது தனக்கு மட்டும் போடுகிறவள், ஜேவான் சாருக்கும் ஒரு கோப்பை போட்டு வைத்தாள். தோற்றவருக்கு ஊற்றிக் கொடுப்பதில் அப்படி ஒரு ருசி.

புதன்கிழமைகளில் பள்ளிச் சாப்பாட்டில் நல்ல அயிட்டம் போடுவார்கள். மிச்சம் வைக்காமல் சாப்பிட வேண்டும் என்பதற்காக அன்றைக்கு மட்டும் ஏதாவது இனிப்பும் உண்டு. காலையிலேயே பிள்ளைகள் அன்றைய சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டு அதே நினைப்பாக இருப்பார்கள். அந்தப் புதன் சாப்பாட்டுக்கூடத்தில் நின்று வரிசையைப் பார்த்துக்கொள்கிற முறை மிரானுக்கு. சாக்லெட் பன் போட்டிருந்தார்கள். யேரின் தன் தட்டிலிருந்த பன்னை எடுத்து, எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் தட்டில் வைத்தாள். அவள் நன்றிகூடச் சொல்லாமல், வரவேண்டியது வந்த மாதிரி வாங்கி வைத்துக்கொண்டாள். அடுத்த மேசையிலும் அப்படியே ஒரு பன் கைமாறியது. அதற்கடுத்த மேசையிலும்.

மிரான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் நின்றாள். ஒக் போரா என்று பெயர்ப் பட்டையில் இருந்தது. எல்லாப் பாடத்திலும் கடைசிக்கு முந்தினவள். கடைசியில் இருப்பவள் அவள் தோழி நாரி.

“பிறந்த நாளா, போரா? ரெண்டு பன்னு.”

“இல்ல டீச்சர். இது கூலி.” வாய் நிறைய பன்னோடு போரா சிரித்தாள். “நான் பாய், டீச்சர்.”

“என்னது?”

“பாய். உங்க கிளாஸுக்கு நான் பாயா வர்றேன். கீழ விரிச்சா மேல அவங்க உக்காருவாங்கல்ல? வருஷம் முடியுற வரைக்கும் புதன்கிழமை இனிப்பு எனக்கு. நாரிக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம்தான். அவ பேரம் பேசத் தெரியாத மக்கு.”

“ஏய், நான் ஒண்ணும் மக்கு இல்ல. எனக்கு சோயா பால் பாக்கெட்டும் உண்டு” என்றாள் நாரி.

“உனக்குப் பொருளாதாரம் படிக்க ஆசை இல்லையா, போரா?”

“எந்தக் கிளாஸுல இருந்தாலும் எனக்கு எட்டாவது தரம்தான், டீச்சர். தோ சார் கிளாஸுல இருந்தா சும்மா எட்டாவது. இங்க வந்தா பன்னோட எட்டாவது. எது லாபம்?”

அந்தப் பெண் சொன்னதில் மிரானுடைய பாடம் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருந்தது. “சாப்பிடு, சாப்பிடு” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

சரி, இதில் என்ன தப்பு என்று சாயங்காலம் வரை தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். வாழ்க்கை நெறி வகுப்பு மட்டும் எதனால் நிரம்பியிருக்கிறதாம்? அங்கேயும் பாய்தானே? அங்கே பாய் விரிக்க யாரும் பன் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கூலி கொடுத்துக் கூட்டி வருவது அதைவிட மேல் இல்லையா?

அப்படியே இருந்துவிட்டிருப்பாள். மறுநாள் காலை ஜேவான் சார்தான் கெடுத்தார். தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டு வந்து வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“மா டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். எப்படிச் செஞ்சீங்க?”

“எதை?”

“ஒம்பது பேர் இருபத்தோரு பேர் ஆயிட்டாங்களே. போரா, நாரி இவங்க எல்லாம் என் கிளாஸுல தலையைக் கவுத்துத் தூங்குறவங்க. நான் எவ்வளவோ பாத்துட்டேன், எழுப்ப முடியல. அவங்களே உங்க பாடத்துக்குப் பேர் குடுத்திருக்காங்க.” அவர் குரல் தாழ்ந்தது. “இந்தச் சீட்டெல்லாம் ஒரு பத்துப் பதினஞ்சு பேர் எழுதுறதுதான், டீச்சர். மீதிப் பேர் எதுக்கு என் கிளாஸுக்கு வர்றாங்கன்னு எனக்குத் தெரியாதா? உங்ககிட்ட வர்றவங்க பாடத்துக்காக வர்றாங்க. பொறாமையா இருக்கு. உண்மையாவே.”

வெகு நாளாக மிரான் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தாள். கனவில்கூட அவர் வாயால் அதைக் கேட்டிருக்கிறாள். கேட்டதும் அது நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. கள்ளப் பத்திரத்தில் கிடைத்த சொத்து மாதிரி. இந்த மனிதரை ஜெயிக்க வேண்டும் என்று எவ்வளவோ ஆசைப்பட்டிருக்கிறாள். அவர் செய்யாத ஒன்றைச் செய்தா ஜெயிப்பது? அவர் வகுப்பில் பாய் தானாக விழுந்தது. இவள் விலை வைத்துக் கொடுத்து விரித்திருக்கிறாள். இனி ஒவ்வொரு நாளும் அவர் இவளை மரியாதையோடு பார்ப்பார். அதை எப்படித் தாங்குவது?

மதியம் சாப்பாடு முடிந்ததும் இருபத்தொரு பேரையும் வகுப்பறையில் உட்கார வைத்தாள். கெட்டிக்காரிகள் முன்னால், மற்றவர்கள் சுவரோரமாகப் பின்னால். யாரும் சொல்லாமலே அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

கரும்பலகையில் இருபத்தொரு வட்டம் போட்டாள். மேலே ஒன்றுக்கு மட்டும் சிவப்பு அடித்தாள். “இது முதல் தரம். ஒண்ணுதான்.” கீழே இருந்தவற்றைக் காட்டினாள். “இவங்க இருக்கிறதாலதான் மேல இது இருக்கு. இங்க வர்றதுக்கு இவங்களுக்குக் கிடைக்கிறது ஒரு பன்னு. அந்தப் பன்னைக் குடுக்குற யோசனை எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். என்கிட்டேருந்துதான். நாளைக்கு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் வரைக்கும் பேரை மாத்தலாம். பாயா வர இஷ்டம் இல்லாதவங்க தாராளமா விலகிக்கலாம். வகுப்பு திறக்காமப் போனாலும் பரவாயில்ல.”

பரவாயில்லை என்பது பொய்.

பின்னாலிருந்து போராவின் கை எழுந்தது.

“டீச்சர், ஒரு டவுட்டு. யேரினும் அவ கூட்டமும் இந்தக் கிளாஸுல இல்லேன்னா அந்தச் சிவப்பு வட்டம் யாருக்கு?”

டீச்சர் சொல்ல வேண்டியதை மிரான் சொன்னாள். “இருக்கிறவங்கள்ல யார் முன்னால வர்றாளோ அவளுக்கு.”

“நாரிக்குக்கூடவா?”

“நாரிக்குக்கூட.”

பின்வரிசையில் கொல்லென்று சிரிப்பு கிளம்பியது. “நாரி முதல் தரமா? கடல் வத்திரும்டி!” “உனக்கென்னடி எரியுது, பாத்துக்கிட்டே இரு!” என்று ஒரே சத்தம்.

முன்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே வேறு கணக்கு ஓடியது. பன் பேரம் அம்பலமாகிவிட்டது. பாய்கள் எழுந்து போய்விட்டால் மிச்சம் ஒன்பது. ஒன்பது பேரில் ஒருத்திக்கும் முதல் தரம் இல்லை. போகிறதென்றால் மற்றவளுக்கு முன்னால் போய்விட வேண்டும். கடைசியில் மாட்டிக்கொள்பவள்தான் ஏமாந்தவள். காலையில் செல்போனை எல்லாம் வாங்கிப் பையில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். பேரை மாற்ற வேண்டும் என்றால் நூலகத்துக் கம்ப்யூட்டருக்குத்தான் போக வேண்டும். மணி அடித்ததோ இல்லையோ, முன்வரிசையிலிருந்து ஒருத்தி மெல்ல நடப்பதுபோல் வெளியே போனாள். அடுத்தவள் வேகமாக நடந்தாள். மூன்றாமவள் ஓடினாள். பிறகு தாழ்வாரத்தில் தடதடவென்று காலடிச் சத்தம்.

போரா ஜன்னலில் தொங்கிக்கொண்டு கூவினாள். “டீச்சர், நீங்க சொல்வீங்களே, பேங்க்கு மூடப் போகுதுன்னு எல்லாரும் காசெடுக்க ஓடுவாங்கன்னு, அது இதானே?”

அதுதான். இத்தனை வருடம் படம் போட்டுக் காட்டியும் புரியாத பாடம் அன்று ஒரு நிமிடத்தில் புரிந்தது. நடத்தியவளுக்குத்தான் சந்தோஷப்பட முடியவில்லை.

சாயங்காலம் யேரின் வந்தாள். தலை குனிந்திருந்தது.

“சாரி டீச்சர். எனக்கு உங்க பாடம்தான் பிடிக்கும். ஆனா சியோல் யுனிவர்சிட்டிக்குப் போகணும்னா...”

“எங்க போட்டிருக்க?”

“வாழ்க்கை நெறி.”

“சரி.”

“நீங்கதானே டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க, பிரியத்தை வெச்சுக் கணக்குப் போடக் கூடாதுன்னு.”

எப்போது அப்படிச் சொன்னோம் என்று மிரானுக்கு நினைவில்லை. சொல்லியிருப்பாள். யேரின் எதையும் தவறாகக் குறித்துக்கொள்கிற பெண் இல்லை. கதவு மூடியதும் மிரான் நாற்காலியில் உட்கார்ந்து கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒன்பது பேரும், ஒருத்தி விடாமல், அவருக்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கணக்கு பன்னிரண்டில் நின்றது. பாயாக வந்தவர்களில் ஒருத்திகூட விலகவில்லை. ஆனால் பன்னிரண்டு பேரை வைத்து வகுப்பு திறக்க முடியாது. மிரான் நாள் முழுக்க யேரின் திரும்பி வருவாள் என்று எதிர்பார்த்தாள். தாழ்வாரத்தில் எந்தக் காலடி கேட்டாலும் நிமிர்ந்து பார்த்தாள். வந்தது போராதான், கூட நான்கு பேரை இழுத்துக்கொண்டு.

“டீச்சர், இந்தாங்க, தோ சார் கிளாஸுல தூங்கிக்கிட்டிருந்ததுங்க. முதல் தரம் சீட்டு ஒண்ணு காலியா இருக்குன்னு சொன்னதும் கண்ணைத் தொறந்துருச்சுங்க.”

“எனக்கு ஒண்ணும் தரம் வேண்டாம்” என்றாள் அதில் ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டே. “இவ தொல்லை தாங்கல.”

வகுப்பு திறந்தது. மார்ச் மாதம் பள்ளி தொடங்கியபோது மிரான் அதே அறையில் பதினாறு பேர் முன்னால் நின்றாள். அவள் கேட்டபடியே நடந்திருந்தது. படகு ஏற வேண்டியதில்லை, அறையும் போகவில்லை. ஆனால் பக்கத்து அறையை ஜேவான் சாருக்குக் கொடுத்திருந்தார்கள். நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்.

முதல் வாரம் முழுக்க அவள் யேரினுக்கு நடத்துகிற மாதிரியே நடத்தினாள். பழக்கம் அப்படி. ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, முடிக்க ஆள் வரும் என்று காத்திருப்பாள். யாரும் முடிக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் யேரினின் குரல் கேட்கும். “சார், அதை நான் ஒத்துக்க மாட்டேன், சார்!” உடனே ஒரு சிரிப்பலை. ஜேவான் சார் மெதுவாக ஏதோ சொல்வார். மறுபடியும் சிரிப்பு. மிரானின் கையிலிருந்த சாக்பீஸ் முறியும்.

“டீச்சர்” என்றாள் போரா ஒருநாள். “ஓடிப்போன மருமகளை நினைச்சுக்கிட்டு வீட்டுல இருக்கிறவளுக்கு சோறு போடாத மாமியார் மாதிரி நிக்கிறீங்க. நாங்க பதினாறு பேரு இங்க உக்காந்திருக்கோம்.”

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மிரானும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து வாக்கியத்தைத் தானே முடித்தாள். பிறகு, அதையே இன்னும் மெதுவாக இரண்டாம் முறை சொன்னாள். உதாரணத்துக்குச் சாப்பாட்டுக்கூடத்தை எடுத்தாள், புதன்கிழமை இனிப்பை எடுத்தாள். நாரி ஒரு பாக்கெட் சோயா பாலுக்கு எவ்வளவு வரை விட்டுக் கொடுப்பாள் என்று வகுப்பே ஏலம் போட்டது.

ஏப்ரலில் வேறொன்றைக் கவனித்தாள். ஒரே பன்னைப் பிட்டுத் தின்னுகிற போராவும் நாரியும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நாரி எழுதும்போது இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டாள். கொட்டாவி விட்டவள் குறிப்பைக் கேட்டால், “வீட்டுல மறந்துட்டேன்” என்று போரா முகம் மாறாமல் சொன்னாள். சிவப்பு வட்டம் ஒன்றுதான் என்பது எல்லோர் மண்டையிலும் ஏறியிருந்தது. ஓரக்கண்ணால் ஒருத்தியை ஒருத்தி அளக்கிற அந்தப் பார்வை மிரானுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஐயோ, இந்தப் பிள்ளைகளுக்கும் அது ஒட்டிக்கொண்டதே என்று விடியற்காலை ஜெபத்தில் கண்ணீர் விட்டாள். கூடவே, முதல்முறையாக அவர்கள் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நன்றியும் சொன்னாள். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் சொல்வது என்று தெரியாமல் ஆமென் போட்டுவிட்டு எழுந்தாள்.

இடைத்தேர்வுக்கு முந்தின நாள், மணி அடித்து எல்லோரும் போன பிறகு போரா மட்டும் பையைக் கட்டுவது போல் நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தாள். நாரியின் தலை தாழ்வாரத்தில் மறைந்ததும் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், ஒண்ணு கேக்கணும். நாரிகிட்ட சொல்லாதீங்க.”

“கேளு.”

“விலை ஏறினா வாங்குற ஆளு குறையும்னு சொன்னீங்கல்ல? எங்க வீட்டுக்குக் கீழ ஒரு கணக்கு டியூஷன் இருக்கு. போன வருஷம் ஈ ஓட்டிக்கிட்டிருந்தாங்க. இந்த வருஷம் ஃபீஸை ஏத்துனாங்க. இப்ப நிக்க இடமில்ல. ஒண்ணு நீங்க சொன்னது தப்பா இருக்கணும், இல்ல எங்க தெருவே லூசா இருக்கணும்.”

யேரின்கூட இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. யேரின் புத்தகத்தில் இருப்பதைத்தான் கேட்பாள். பதிலைத் தொடங்குமுன், மறைவாகக் கேட்கிற பெண்ணுக்காகக் கதவைச் சாத்தலாம் என்று மிரான் எழுந்து போனாள். கைப்பிடியைப் பிடித்தபோது தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் செருப்புச் சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து நடக்கிற நடை. ஜேவான் சார் அந்தக் கோடி வகுப்பை முடித்து இந்த வழியாக ஆசிரியர் அறைக்கு வந்துகொண்டிருந்தார்.

மிரான் கதவைச் சாத்தவில்லை. நன்றாக அகலத் திறந்து, காலால் ஒரு நாற்காலியைத் தள்ளி முட்டுக் கொடுத்தாள்.

“உங்க தெரு லூசு இல்ல, போரா!” என்றாள், தேவைக்கு மேலேயே உரக்க. “நீ கேட்டியே ஒரு கேள்வி, இந்தப் பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் யாருமே கேக்காத கேள்வி!”

“டீச்சர், மெதுவா. வெளிய கேக்குது.”

“கேக்கட்டும்” என்றாள் மிரான், சாக்பீஸை எடுத்துக்கொண்டு.